கூலண்ட் மாத்தின அடுத்த நாளே வாட்டர் பம்ப் ஒழுகுது, 93 டொல்பின் வான்

டொல்பின்93 (திருகோணமலை)

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ.

என்னட்ட நிக்கிறது 93 மொடல் டொல்பின், டொயோட்டா ஹையேஸ் வான்தான், எல்எச்113, 3எல் டீசல் இன்ஜின். அப்பா வாங்கின வான், இப்ப நான்தான் ஹயர் ஓடுறன், சீசனுக்கு நிலாவெளிப் பக்கம் புறாமலை பாக்க வாற ஆக்கள், மற்ற நேரம் கலியாண வீடு, கோயில், ஆஸ்பத்திரி எண்டு ஏதோ ஓட்டம் இருக்கும். இவ்வளவு காலமும் ரேடியேட்டருக்கு கிணத்துத் தண்ணிதான். கூலண்ட் எண்டு, துருப் பிடிக்காம தண்ணியோட கலந்து ஊத்துற மருந்து ஒண்டு ஊத்தினதா எனக்கு ஞாபகமே இல்லை, அப்பாவும் ஊத்தியிருக்க மாட்டார். மூடியைத் திறந்தா உள்ளுக்க பிளேன்டீ மாதிரி நிக்கும், ஆனா ஒரு நாளும் ஹீட் ஏறினதில்லை, ஒரு சொட்டு கீழ விழுந்து நான் பாத்ததுமில்லை.

கச்சான் காத்து தொடங்க முதல் ஒழுங்கா ஒரு வேலை செய்வம் எண்டு போன வியாழன் கராச்சில குடுத்தனான். அவங்கள் ரேடியேட்டருக்கு கீழ இருக்கிற டிரெயினைத் திறந்து விட்டு, ஃப்ளஷ் எண்டு ஒரு மருந்து ஊத்தி அரை மணித்தியாலம் ஓட விட்டு, திரும்பவும் திறந்து விட்டவங்கள். வந்த தண்ணியைப் பாக்க எனக்கே வெக்கமா இருந்துது, செங்கட்டியைக் கரைச்சு ஊத்தின மாதிரி. பிறகு பச்சைக் கூலண்ட் நாலு லீற்றர், மேல கொஞ்சம் தண்ணி, அவ்வளவுதான் வேலை. வீட்டை கொண்டந்து விட்டுட்டு நிம்மதியா படுத்தன்.

விடிய எழும்பிப் பாத்தா முன் சீட்டுக்கு நேரா கீழ சீமெந்துல உள்ளங்கை அகலத்துக்கு பச்சையா ஈரம். சீட்டைத் தூக்கி டோர்ச் அடிச்சுப் பாத்தன், வாட்டர் பம்புக்கு அடிப்பக்கம் ஒரு துளி தொங்கிக்கொண்டு நிக்குது, பாத்துக்கொண்டிருக்கவே விழுந்துது. கராச்சுக்கு கோல் பண்ணினா "பம்ப் போயிட்டுது, புதுசு போடுவம்" எண்டு ஒரு வசனத்தில முடிச்சிட்டாங்கள். கூட்டாளி ஒருத்தன் சொல்றான் கூலண்ட்தான் சீலைத் திண்டிட்டுது, பழையபடி தண்ணியையே ஊத்து எண்டு. முப்பது வருசம் ஒழுகாத பம்ப் ஒரு நாளில எப்பிடிப் போகும்? அவங்கள் ஏதும் பிழை விட்டுட்டாங்களோ, இல்லாட்டி உண்மையிலேயே கூலண்ட்தான் காரணமோ?

சனிக்கிழமை எயார்போர்ட் ஹயர் ஒண்டும் எடுத்துப் போட்டன். அதுக்கிடையில என்ன செய்யலாம் எண்டு தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

சாம்பல்தீவு பெடியன்

அண்ணை, எனக்கும் இதே கதைதான் நடந்தது, என்ர லைட்ஏஸுக்கு. பேசாம தண்ணியை ஊத்துங்கோ, இந்தப் பழைய இன்ஜினுகளுக்கு கூலண்ட் ஒத்து வராது. ரெண்டு தேக்கரண்டி மஞ்சள் தூளை ரேடியேட்டருக்க போட்டு ஒரு ஓட்டம் ஓடிட்டு வாங்கோ, ஒழுக்கு நிண்டிடும். நான் ஒரு வருசம் அப்பிடித்தான் ஓடினனான்.

பழைய ஸ்பானர் (உட்துறைமுக வீதி)

மஞ்சள் தூள் மீன் குழம்புக்கு நல்லது. தம்பி கோவிக்கக்கூடாது, உங்கட லைட்ஏஸில ஒழுகினது றேடியேற்றர் கோர்ல ஒரு மயிர் வெடிப்பா இருந்திருக்கும், அப்பிடி அசையாத இடத்தில தூள் போய் அடைஞ்சு கொஞ்ச நாளைக்குப் பிடிக்கும். பம்ப் சீல் ஓடிக்கொண்டிருக்கிற சாமான், நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கில சுத்துது, அதில தூள் எங்க போய் நிக்கிறது? நிக்காமப் போய் றேடியேற்றரின்ர மெல்லிய ரியூப்புக்குள்ள படுத்துக்கொள்ளும், பிறகு ஹபறணை ரோட்டில ஏசி போட்டுக்கொண்டு போகேக்க ஹீட் காட்டுற முள்ளு மேல ஏறும். பக்கற்றில வாற ஸ்டொப் லீக் பவுடருக்கும் இதே கதைதான்.

இனி டொல்பின்93 கேட்டதுக்கு வாறன். கூலண்ட் சீலைத் தின்னாது. பம்புக்குள்ள தண்ணியை மறிக்கிறது நீங்கள் நினைக்கிற மாதிரி ரப்பர் ஒயில் சீல் இல்லை. கார்பன் வளையம் ஒண்டு, அதுக்கு எதிரா பீங்கான் மாதிரி வழுவழுப்பா இன்னொரு வளையம், ஒரு ஸ்பிரிங் ரெண்டையும் முகத்தோட முகம் அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். இந்த ரெண்டு முகத்துக்கும் நடுவில மயிரிழையிலும் மெல்லிசா தண்ணிப் படலம் ஒண்டு நிக்கோணும், அதுதான் அதுக்கு ஒயில். சுத்தமான கூலண்ட் எண்டா அந்த முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். உங்கட வானில முப்பது வருசமா ஓடினது துருவும் கிணத்துச் சுண்ணாம்பும் கலந்த தண்ணி, அது உப்புத்தாள் மாதிரி அந்த முகத்தை உரஞ்சி உரஞ்சி எப்பவோ முடிச்சிட்டுது. உரஞ்சின இடத்தில அதே துருவும் காறையும் போய்ப் படிஞ்சு ஓட்டையை மூடியும் வச்சிருந்தது. அதாவது கள்ளனே காவலுக்கும் நிண்டிருக்கிறான். நீங்கள் ஃப்ளஷ் மருந்து ஊத்தி அந்தக் காவல்காறனைக் கழுவிக் கலைச்சுப் போட்டீங்கள், அவ்வளவுதான் நடந்தது.

இன்னொண்டு, முந்தி ஒழுகேல்லை எண்டு நீங்கள் சொல்றதையும் நான் அப்பிடியே நம்ப மாட்டன். வெறும் தண்ணி ஒரு சொட்டு ரெண்டு சொட்டு கசிஞ்சா இன்ஜின் சூட்டில காய்ஞ்சு போகும், கீழ விழாது, விழுந்தாலும் ஏசித் தண்ணி எண்டு நினைச்சிருப்பீங்கள். கூலண்ட் காயாது, கலரும் இருக்கு, அதால கண்ணில பட்டுட்டுது. கிழமைக்கு எவ்வளவு தண்ணி விட்டுக்கொண்டிருந்தனீங்கள் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ஆனா இவ்வளவும் பம்ப் சீல்தான் எண்டால். அதை நீங்கள் இன்னும் உறுதிப்படுத்தேல்லை. ஒரு துளி பம்புக்கு அடியில தொங்கினா அது பம்பில இருந்து வந்தது எண்டு அர்த்தமில்லை, தண்ணி எங்க ஒழுகினாலும் கடைசியா இறங்கி நிக்கிறது கீழ. கூலண்ட் மாத்தேக்க ஹோஸ் ஏதும் கழட்டினவங்களோ எண்டு கேளுங்கோ. பம்புக்கு மேல வாற சின்ன பைபாஸ் ஹோஸ், தேர்மோஸ்டற் (சூடானாத் திறக்கிற வால்வு) மூடி, மேல் ஹோஸ் கிளிப், எல்லாத்தையும் துணியால ஈரமில்லாமத் துடைச்சுப்போட்டு ஒவ்வொரு இடத்திலயும் வெள்ளை ரிசுவை ஒற்றி ஒற்றிப் பாருங்கோ, எங்க முதல் பச்சை பிடிக்குதோ அதுதான் இடம். கை எட்டாத இடத்துக்கு ஃபோனை வீடியோவில விட்டு உள்ளுக்க நீட்டுங்கோ. இன்ஜின் ஆறின பிறகுதான், சூட்டோட மூடியில கை வைக்கிற வேலை வேண்டாம்.

அதோட ரெண்டு கேள்வி. நீங்கள் ஊத்தினது தண்ணி கலந்து வாற கூலண்டோ, கலக்காத கொன்சன்ரேற்றோ? மேல விட்ட "கொஞ்சம் தண்ணி" எந்தத் தண்ணி?

டொல்பின்93 (திருகோணமலை)

அண்ணை, நீங்கள் சொன்னபடியே இண்டைக்கு காலம செய்து பாத்தன். நல்லவேளை செய்தன். பைபாஸ் ஹோஸின்ர கிளிப் விரலால திருப்பினாலே சுத்துது, அங்க ரிசு பச்சையாப் பிடிச்சுது. ஸ்குரூட்றைவரால ரெண்டு சுத்து இறுக்கிட்டு திரும்பத் துடைச்சு வச்சன். இனி ஒழுகாது எண்டு சந்தோசமா தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தா... பம்ப் உடம்பில அடிப்பக்கம் பென்சில் முனை போற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கு, அதில இருந்து இன்னொரு துளி. அந்த ஓட்டையைச் சுத்தி வெள்ளையும் செம்மண் கலருமா ஒரு கோடு வேற, அது புதுக்கறை மாதிரி இல்லை, கன காலத்துக் கறை மாதிரி இருக்கு. ரெண்டு இடத்திலயும் ஒழுகியிருக்கு போல.

ஒரு விசித்திரம், இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி சூடானா ஒழுக்கு நிக்குது. விடிய ஆறின பிறகுதான் சொட்டுது. அப்ப இது பெரிய பிரச்சினை இல்லைதானே?

கூலண்ட் போத்தலை எடுத்துப் பாத்தன், கொன்சன்ட்ரேட் எண்டுதான் போட்டிருக்கு, அவங்கள் கலக்காமத்தான் ஊத்தினவங்கள். மேல விட்டது கராச் கிணத்துத் தண்ணி. அந்தக் கிணறு கடலுக்கு எவ்வளவு கிட்ட எண்டு சொன்னா ஏசுவீங்கள், சொல்லேல்லை.

ஓட்டையை ஏதும் பசை போட்டு அடைக்கலாமா? சனிக்கிழமை மட்டும் தாங்கினாப் போதும்.

கிண்ணியா காக்கா

தம்பி அந்த ஓட்டையில கையே வைக்காதிங்க!! வேலையை விட்டுப்போட்டு இதைத்தான் முதல்ல எழுதுறன்.

அது உடைஞ்ச ஓட்டை இல்ல, பம்பு செய்யிறவன் வேணுமெண்டே விட்ட ஓட்டை. ஒரு பக்கம் சீல், மற்றப் பக்கம் பேரிங், நடுவில இந்த ஓட்டை. சீல் கசிஞ்சா தண்ணி பேரிங்குக்குப் போகாம வெளிய வரட்டும், வண்டிக்காரன் கண்டுக்கட்டும் எண்டுதான் வெச்சிரிக்கான். அதை அடைச்சா தண்ணி நேரா பேரிங்குக்குள்ள போகும், கிரீஸைக் கழுவும், மறுகா பேரிங் உறுமத் தொடங்கும், மறுகா ஆடும். உங்கட 3எல்லில ஃபேன் எங்க இரிக்கு? பம்பு சாஃப்டிலதானே. பம்பு ஆடினா ஃபேன் ஆடும், ஃபேனுக்கு முன்னால ரேடியேட்டர், மிச்சத்த நீங்களே யோசிங்க.

நான் கண்ணால பாத்தது சொல்றன். நம்மட பக்கம் நெல்லு ஏத்துற லொறி ஒண்டு, டிரைவர் இதே ஓட்டைய எபொக்சி பசை போட்டு அடைச்சிப்போட்டு "ஒழுக்கு நிண்டிட்டு காக்கா" எண்டு எனக்கிட்டயே வந்து பெருமையாச் சொன்னவர். ரெண்டு கிழமை போகல. கந்தளாய் தாண்டி நடு ராவில பெரிய சத்தம், ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழிச்சி, ஒரு இதழ் முறிஞ்சி மேல் ஹோஸையும் வெட்டிட்டு. நான் போய்ப் பாக்கக்குள்ள ரேடியேட்டர் தேங்காய் திருவின மாதிரிக் கிடந்துது. ஒரு பம்புக் காசுல முடியவேண்டிய வேலை.

சூடான மறுகா நிக்குது எண்டு சந்தோசப்படாதிங்க. சூட்டுல எல்லாம் விரிஞ்சி இறுகும், ஆறினா சுருங்கும், அதால ஆறக்குள்ள கசியும். தேயத் தொடங்கின சீல் இப்பிடித்தான் முதல்ல காட்டும். புதுப் பம்பு பூட்டி முதல் நாள் ரெண்டு நாள் கொஞ்சமா ஈரம் காட்டினா அது முகம் படியிறதுக்கு, அதை விடலாம். முப்பது வருசத்துப் பம்பு, அதிலயும் பழைய கறையோட எண்டா விடேலாது.

இப்ப ஒரு வேலை செய்ங்க. இன்ஜின் ஓஃப், சாவி பொக்கட்டுல. ஃபேன் இதழ் ரெண்டை எதிரெதிரா பிடிச்சி முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிப் பாருங்க. துளி ஆட்டம் இரிந்தாலும் வானை வீட்ட விட்டு எடுக்காதிங்க. ஆட்டமில்ல, சுத்தக்குள்ள கறகற எண்டும் இல்ல எண்டா ஊருக்குள்ள பாத்து ஓடலாம், எயார்போர்ட்டுக்கு வேணாம். இஞ்ச இரிந்து கொழும்பு 257 கிலோமீட்டர், அதுக்குக் கொஞ்சம் இஞ்சால எயார்போர்ட், ஃபிளைட்டுக்குப் போற சனத்த ராவில ஹபரண காட்டுக்க யானைக்கு நடுவில நிப்பாட்டிட்டு நீங்க என்ன செய்விங்க? வேற வானைப் பேசிக் குடுங்க தம்பி. பேர் போகாது.

பழைய ஸ்பானர் (உட்துறைமுக வீதி)

காக்கா சொன்னதுக்கு மேல ஒண்டுமில்லை. ஹயரை மாத்திக் குடுங்கோ. இந்த எல் இன்ஜினுகள் எவ்வளவு இழுத்தாலும் இழுக்கும், சூட்டை மட்டும் தாங்காது, ஒருக்கா நல்லா ஹீட் ஏறினா ஹெட், அதான் இன்ஜினின்ர மேல் பாகம், வெடிக்கும். பம்புக்கு யோசிக்கிற காசை ஹெட்டோட வச்சுப் பாத்தா யோசிக்க ஒண்டுமே இல்லை.

கிளிப்பை இறுக்கினீங்கள், நல்லது, ஆனா பம்ப் மாத்தேக்க அந்த ஹோஸையும் மாத்துங்கோ. முப்பது வருச ஹோஸ் ஒருக்கா அசைஞ்சா பிறகு பழைய இடத்தில இருக்காது, நுனி கல்லு மாதிரி இறுகியிருக்கும்.

கலக்காத கூலண்ட் விசயம். மருந்து கூடினா நல்லம் எண்டு கன பேர் நினைக்கினம், அது பிழை. சூட்டை எடுத்துக்கொண்டு போறதில தண்ணிக்கு நிகர் இல்லை, கூலண்டில இருக்கிற கிளைக்கோல் அந்த வேலையில தண்ணியிலும் குறைவு. கூலண்ட் போடுறது துரு பிடிக்காமலும் பம்ப் முகம் தேயாமலும் கொதிக்கிற சூடு கொஞ்சம் கூடவும்தான். பாதிக்குப் பாதி கலந்தா மூடி திறந்து கிடந்தாலும் 106, 107 பாகை மட்டும் கொதியாது, மூடி அழுத்தத்தோட இன்னும் மேல போகும். எங்கட ஊரில ஐஸ் பிடிக்கிற கதை இல்லை, அதால நாப்பது வீதம் போட்டாலும் காணும், ஆனா மூண்டில ஒரு பங்குக்குக் கீழ போனா துருவைத் தடுக்கிற மருந்தும் காணாமப் போயிடும்.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், உங்கட ஆக்கள் றேடியேற்றர் டிரெயினை மட்டும்தான் திறந்திருக்கினம். அப்பிடித் திறந்தா இன்ஜின் ப்ளொக்குக்க நிக்கிறது வராது, அந்தத் தண்ணியோட இந்த நாலு லீற்றரும் சேந்து தற்செயலா சரிக் கணக்குக்குக் கிட்ட வந்திருக்கலாம். துரதிர்ஷ்டமும் அதுதான், ப்ளொக்குக்க நிண்ட தண்ணியோட அந்த ஃப்ளஷ் மருந்தும் உள்ளுக்கையே நிண்டிட்டுது. அது அரை மணித்தியாலத்துக்கு எண்டு செய்த மருந்து, நாள்கணக்கா உள்ளுக்க நிக்கிறதுக்கில்லை. அதால இப்ப இருக்கிறது முழுக்க வெளியில போகோணும். ப்ளொக் பக்கத்தில ஒரு டிரெயின் இருக்கும், துருவும் எண்ணெயும் பிடிச்சு ஒரு ஆணி மாதிரித்தான் தெரியும், முதல் நாளே ஒயில் விட்டு ஊற வச்சுத் திறக்கச் சொல்லுங்கோ. சும்மா தண்ணி விட்டு ஓட்டி ஓட்டி, தெளிஞ்ச தண்ணி வாறமட்டும் கழுவோணும்.

கடைசியா ஊத்துற தண்ணி பற்றரிக்கு விடுற டிஸ்ரில்ட் வோட்டர். அசிட் இல்லை, தண்ணி, கடையில கேக்கேக்க வடிவா கேட்டு வாங்குங்கோ. கடற்கரைக் கிணத்து உப்பு அலுமினியத்தை அரிக்கும், நிலத்துத் தண்ணிச் சுண்ணாம்பு காறை பிடிக்கும். கன்னியா வெந்நீர் ஊத்துத் தண்ணியை ஊத்தாம விட்டீங்களே, அது மட்டும் சந்தோசம்.

உவர்மலை டு ரொறன்ரோ

ஊர்க்கதை வாசிக்க நல்லா இருக்கு. ஒண்டு மட்டும் சேக்கிறன். கலரைப் பாத்து கூலண்ட் வாங்காதேங்கோ, பச்சை எண்டா இதுதான் எண்டு ஒரு சட்டமும் இல்லை, கொம்பனிக்கு கொம்பனி மாறும். டொயோட்டாக்காரர் அந்தக் காலத்தில போட்டது சிவப்பு லோங் லைஃப், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா இல்லாட்டி 40,000 கிலோமீட்டருக்கு மாத்துறது. பிறகு வந்த பிங்க் நிறம் கலந்தே வாறது, அது கன காலம் போகும். ஜப்பான் கூலண்டுகளில சிலிக்கேட் இல்லை, அதுக்குப் பதிலா பொஸ்பேட் போடுறவங்கள், அதோட கிணத்துத் தண்ணி கலந்தா சுண்ணாம்பும் பொஸ்பேட்டும் சேந்து காறையாப் படியும். அதால சிவப்பு வாங்கினாலும் டிஸ்டில்ட் வாட்டர்தான். பழைய பச்சைக்கு மேலயே சிவப்பை ஊத்தி நிரப்புறது மட்டும் வேண்டாம்.

தேர்மோஸ்டட் இருக்கா எண்டும் பாருங்கோ. எங்கட ஊரில வான் வாங்கின உடன அதைக் கழட்டி எறியிறது ஒரு சடங்கு.

சாம்பல்தீவு பெடியன்

நான் என்ர லைட்ஏஸுக்கு மஞ்சள் போட்டதை இனி ஆரிட்டயும் சொல்லேல்லை. ஆனா உண்மையில ஒழுக்கு நிண்டதுதான். பிறகு ரேடியேட்டர் மாத்தினனான், அது வேற கதை.

பழைய ஸ்பானர் (உட்துறைமுக வீதி)

அது வேற கதை இல்லை தம்பி, அதே கதைதான்.

டொல்பின்93 (திருகோணமலை)

எல்லாருக்கும் நன்றி, கொஞ்சம் பிந்திட்டுது, முழுவதையும் முடிச்சிட்டு எழுதுவம் எண்டு இருந்தன்.

ஃபேனை ஆட்டிப் பாத்தன். நேரா ஆட்டினா ஒண்டும் தெரியேல்லை, ஆனா மேலயும் கீழயுமா அமத்தினா விரலுக்குத் தெரியிற மாதிரி ஒரு சின்ன "டக்". அதோட சனிக்கிழமை ஹயரை அலெஸ் தோட்டத்துக் கூட்டாளி ஒருத்தனுக்குக் குடுத்திட்டன், மனசு கொஞ்சம் நொந்ததுதான், அவன் திரும்பி வந்து கொமிசன் எண்டு ஒரு பங்கு தந்தான், நான் கேக்கவே இல்லை.

பம்ப் இஞ்ச தேடினன், ஒரு கடையில பெட்டியில ஒரு பேர், உள்ளுக்க இருந்ததில வேற பேர், அதை வச்சிட்டு வந்திட்டன். பிறகு பஞ்சிகாவத்தையில தெரிஞ்ச ஆள் மூலம் எடுப்பிச்சு பஸ்ஸில வந்துது. ஜப்பான் சாமான், பெக்கிங்கும் பெட்டிக்குள்ளயே இருந்துது. பழைய பம்பையும் புதுசையும் பக்கத்தில வச்சு பூட்டுற ஓட்டை எல்லாம் ஒத்து வருதோ, பட்டையின்ர உயரம் ஒண்டோ எண்டு பாத்துத்தான் பூட்ட விட்டன்.

பழைய பம்ப் கழண்டு வந்ததைப் பாத்தா நீங்கள் நம்ப மாட்டீங்கள். உள்ளுக்க தண்ணியைத் தள்ளுற சக்கரம் இருக்கே, அதின்ர இதழ் நுனி எல்லாம் எலி கடிச்ச மாதிரி. ஒரு இதழ் பாதிதான் இருக்கு. கையால சுத்தினா மணல் அரைபடுற சத்தம். அந்த ஓட்டைக்குள்ள கம்பி விட்டா ஈரமான துரு வருது, அப்ப பேரிங்குக்கும் தண்ணி போயிருக்கு. அண்ணை சொன்ன மாதிரி இது கன காலமாவே ஒழுகியிருக்கு. அப்பாவிட்ட கேட்டன், "கிழமைக்கு ஒரு போத்தல் விடுவன், எல்லா வானும் குடிக்கும்தானே" எண்டார். ஒழுகேல்லை எண்டு உங்களுக்கு எழுதினதுக்கு அவரைத்தான் பிடிக்கோணும்.

ப்ளொக் டிரெயின் ஒரு நாள் முழுக்க ஊற வச்சும் அசையேல்லை, பிறகு பைப் போட்டு நீட்டி இழுக்கத்தான் கழண்டுது. கழண்டும் ஒண்டும் வரேல்லை. உள்ளுக்க சேறு அடைச்சு நிண்டுது, கம்பியால குத்தத்தான் முதல் சேறும் பிறகு தண்ணியுமா வந்துது. நாலு தரம் கழுவினம். தேர்மோஸ்டட் மூடியைத் திறந்தா உள்ளுக்க வெறுமை, ரொறன்ரோ அண்ணை சொன்ன அதே சடங்கு எங்கட வானுக்கும் நடந்திருக்கு, புதுசு ஒண்டு போட்டாச்சு. ரேடியேட்டர் மூடியும் ரப்பர் வெடிச்சிருந்தது, அதையும் மாத்தினன். ஃபேன் பெல்ட்டை கராச்சில வீணைத் தந்தி மாதிரி இறுக்கப் பாத்தாங்கள், அளவுக்கு மேல இறுக்கினா புதுப் பேரிங்கும் போகும் எண்டு நான் விடேல்லை. ஒரு கிழமை வாசிச்சதில எனக்கும் கொஞ்சம் வாய் வந்திட்டுது.

காத்து எடுக்கிறதுதான் கஸ்டப்பட்டுது. முதல் தரம் நிரப்பி ஸ்டார்ட் பண்ணினா முள்ளு மேல போறதும் டக்கெண்டு கீழ விழுறதுமா இருந்துது, ஹீட்டர் பைப்புக்க எங்கயோ காத்து நிண்டிருக்கோணும். உடன நிப்பாட்டி ஆற விட்டிட்டு, பின்னேரம் மெதுவா உவர்மலை ஏத்தத்துக்குக் கொண்டு போய் மூக்கை மேல வச்சு நிப்பாட்டி, சில்லுக்கு கல்லுப் போட்டு, ஆறின இன்ஜினில மூடியைத் திறந்து வச்சு ஹீட்டரை முழுக்கத் திறந்து ஐடிலில விட்டன். மேல் ஹோஸை கையால அமத்தி அமத்தி விட விட, குளத்து மீன் மூச்சு விடுற மாதிரி புளுக் புளுக்கெண்டு காத்து வந்துது. ஹோஸ் சூடாகி தேர்மோஸ்டட் திறந்த நேரம் மட்டம் ஒரு சாண் இறங்கிச்சு, அப்ப திரும்ப நிரப்பினன். ரோட்டால போன ஒரு ஐயா நிண்டு பாத்திட்டு "தம்பி என்ன, வான் கொதிக்குதோ" எண்டு வாளியில தண்ணி கொண்டந்திட்டார், பாவம், அவருக்கு விளங்கப்படுத்த பத்து நிமிசம் போச்சு.

இப்ப எட்டு நாள். ஒவ்வொரு நாளும் ராவில இன்ஜினுக்கு நேரா கீழ காட்போட் மட்டை விரிச்சு வைக்கிறன். முதல் ரெண்டு நாளும் ஓட்டையடியில லேசா ஈரம், துளி விழேல்லை, காக்கா சொன்ன மாதிரித்தான். மூண்டாம் நாளில இருந்து மட்டை காய்ஞ்சு கிடக்கு. நேத்து குச்சவெளி மட்டும் ஏசி போட்டு ஆள் நிரப்பிக்கொண்டு போய் வந்தன், முள்ளு நடுவுக்குக் கொஞ்சம் கீழ, அசையேல்லை.

கழட்டின பழைய கூலண்டை பரலில எடுத்து வச்சிருக்கிறன். அதை எங்க ஊத்துறது? கராச்சில பக்கத்துக் கானுக்க விடச் சொல்றாங்கள்.

பழைய ஸ்பானர் (உட்துறைமுக வீதி)

கானுக்க விடாதேங்கோ. கிளைக்கோல் இனிக்கும், அதால மிருகங்கள் நக்கிக் குடிக்கும், கொஞ்சம் குடிச்சாலே சிறுநீரகம் போயிடும். கோட்டைப் பக்கத்து மானுகள் இப்ப ரவுணுக்குள்ள கடைவாசல் மட்டும் வருது, நாய் பூனை வேற. மூடி இறுக்கி, மேல "கூலண்ட், நஞ்சு" எண்டு எழுதி, பிள்ளையள் எட்டாத இடத்தில வையுங்கோ. பழைய ஒயில் எடுக்க வாற ஆக்களிட்ட கேட்டுப் பாருங்கோ, ஆனா ஒயிலோட கலக்காம தனியா குடுக்கோணும்.

கிண்ணியா காக்கா

அல்ஹம்துலில்லாஹ், நல்ல வேலை. தம்பி அந்தப் பழைய பம்பை எறிஞ்சிடாதிங்க, எனக்குத் தாங்க. நம்மட கராஜில வேல பழகிற பொடியன் ரெண்டு பேர் இரிக்கானுகள், ஓட்டைய ஏன் அடைக்கப்படாது எண்டு வாயால சொன்னா விளங்குதில்ல, அறுத்துக் காட்டுவம்.

டொல்பின்93 (திருகோணமலை)

சரி காக்கா, ஞாயிறு மூதூருக்கு ஒரு ஹயர் இருக்கு, கிண்ணியாப் பாலம் தாண்டினதும் கோல் எடுக்கிறன். பம்ப் ஷொப்பிங் பேக்கில கட்டி சீட்டுக்குக் கீழ கிடக்கு.